கிழட்டுப் பூனைக்கு எது நல்லது: பேராதனையா, பக்கத்து மிருக டொக்டரா, வீட்டுச் சேலைனா?

வன்னியில் ஒரு பூனை கிழடாகும் வரை ஒரே வீட்டில் இருப்பது கிட்டத்தட்டப் புது விஷயம். 2009 இல் யுத்தம் முடியும் வரை நடந்த இடப்பெயர்வுகளில் சனம் மாட்டை அவிழ்த்துவிட்டு, நாயைக் கூப்பிட்டுப் பார்த்துவிட்டு, பூனையைத் தேட நேரமில்லாமல்தான் வெளிக்கிட்டது. 2010, 2011 இல் திரும்பி வந்து, தறப்பாள் கொட்டிலில் இருந்து, பிறகு வீட்டுத்திட்டத்தில் வீடு கட்டிய காலத்தில் எலிக்காக என்று எடுத்து வளர்த்த குட்டிகள் இப்போது கிழடாகி விறாந்தையில் படுத்திருக்கின்றன. பூனைக்கு 15 வயது என்றால் மனிதக் கணக்கில் 75ஐத் தாண்டிவிட்டது. அதனால் கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா என்று பல வீடுகளில் ஒரே காலத்தில் ஒரே கேள்வி வந்திருக்கிறது. பூனை மெலிகிறது, தண்ணீரை நக்கி நக்கிக் குடிக்கிறது, வாய் மணக்கிறது. இதை எங்கே கொண்டுபோவது? கொண்டுபோகத்தான் வேண்டுமா?

எங்கள் வீட்டிலும் அப்படி ஒருத்தி இருக்கிறாள். சிறுநீரகம் பழுது. ஆகவே நான் வெளியே நின்று எழுதவில்லை. என் முடிவையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: தூரப் பயணம் ஒரு தடவை, அதுவும் நோய் என்னவென்று அறிவதற்கு மட்டும். மிச்சமெல்லாம் வீட்டிலும் பக்கத்து டொக்டரிடமும் நடக்க வேண்டும். எது ஆகச் சிறந்த வைத்தியம் என்று பார்த்தால் எல்லாரும் பேராதனைப் பல்கலைக்கழக மிருக வைத்தியசாலைக்குத்தான் போக வேண்டும். எந்த வைத்தியத்தை இந்தப் பூனை தாங்கும், எதை நாங்கள் மாதக்கணக்கில் விடாமல் செய்வோம் என்று பார்த்தால் கணக்கு மாறிவிடும்.

"அதுக்கு வயசு போட்டுது பிள்ளை, இனி என்னத்தைப் பார்க்கிறது" என்று பக்கத்து வளவு அம்மம்மா சொல்வார். அவர் சொல்வதில் பாதி சரி. ஆனால் கிழட்டுப் பூனை தண்ணீரை அதிகம் குடித்து மெலிவதற்குப் பெரும்பாலும் மூன்று காரணங்கள் இருக்கின்றன. ஒன்று சிறுநீரகம். இரண்டு, கழுத்திலுள்ள தைரொயிட் சுரப்பி அளவுக்கு மிஞ்சி வேலை செய்வது. மூன்று, சீனி வியாதி. வெளியில் இருந்து பார்த்தால் மூன்றும் ஒரே மாதிரித்தான் தெரியும். சாப்பாட்டில் மட்டும் கொஞ்சம் வித்தியாசம் இருக்கும்: தைரொயிட் பூனை பறந்து பறந்து தின்னும், இரவில் கத்தித் திரியும், அப்படியிருந்தும் மெலியும். சிறுநீரகப் பூனை மீனை மணந்து பார்த்துவிட்டு விலகிப் போகும். தைரொயிட்டுக்குத் தினமும் மாத்திரை கொடுத்தால் பூனை தேறும். மனிதருக்குக் கொடுக்கும் கார்பிமசோல்தான் பூனைக்கும். சீனிக்கு 12 மணித்தியாலத்துக்கு ஒருமுறை இன்சுலின் போட வேண்டும், ஆனால் சில பூனைகள் சில மாதங்களில் ஊசி தேவைப்படாத நிலைக்கே வந்துவிடுகின்றன. சிறுநீரகத்தைத்தான் திருத்த முடியாது, இழுத்துப் பிடிக்கலாம். எந்த நோய் என்று தெரியாமல் 'வயசு போட்டுது' என்று விடுவதற்கும், தெரிந்துகொண்டு விடுவதற்கும் நிறைய வித்தியாசம் இருக்கிறது. தெரிந்த பிறகு விட்டாலும் நான் குறை சொல்ல மாட்டேன்.

எங்கும் வெளிக்கிட முன் வீட்டிலேயே இரண்டு வேலை செய்யலாம். முதலாவது நிறை. கடையில் வைத்திருக்கும் தூக்குத் தராசில் பூனையைத் துணிப்பையோடு கொழுவிப் பார்த்தால் போதும். மாதம் ஒருமுறை பார்த்துக் கலண்டரில் எழுதுங்கள். 4 கிலோப் பூனையில் 400 கிராம் குறைந்தால் கண்ணுக்குப் பெரிதாகத் தெரியாது, ஆனால் 60 கிலோ ஆள் 6 கிலோ இறங்கியதற்குச் சமம். இரண்டாவது சிறுநீர். பூனை மண்ணைக் கிளறித்தான் இருக்கும், மண்ணோ எல்லாவற்றையும் உறிஞ்சிவிடும். அதனால் ஒரு தட்டத்தில் நன்றாகக் கழுவிக் காயவைத்த சின்னச் சல்லிக்கல்லைப் பரப்பி, பூனையை இரவு அறையில் விட்டால், விடிய தட்டத்தைச் சரித்து ஊசியில்லாத சிறிஞ்சால் உறிஞ்சி எடுக்கலாம். அதைச் சில மணித்தியாலத்துக்குள் பரிசோதிக்கக் கொடுக்க வேண்டும். சிறுநீரில் சீனி போகிறதா, சிறுநீர் எவ்வளவு ஐதாக இருக்கிறது என்ற இரண்டு விஷயமே பாதி வழியைக் காட்டிவிடும்.

சரி, இனி இடங்கள்.

முதலில் அரச மிருக வைத்தியர் அலுவலகம். எங்கள் பக்கத்தில் இது மாட்டையும் ஆட்டையும் கோழியையும் நம்பி வாழும் சனத்துக்காக உள்ள அலுவலகம். டொக்டர் காலையில் சினைப்படுத்தல், கால் வாய் நோய்த் தடுப்பூசி, ஆட்டுக்குப் பூச்சி மருந்து என்று கிராமம் கிராமமாகப் போய்விடுவார். பூனையோடு போய் நிற்பவரைப் பார்த்து வரிசையில் யாராவது சிரிக்கவும் கூடும். அதைப் பெரிதாக எடுக்க வேண்டாம். இங்கே கிடைப்பது என்ன? தொட்டுப் பார்க்கும் அனுபவமுள்ள கை, வாந்தியை நிறுத்தும் ஊசி, சேலைன், தேவையென்றால் நுண்ணுயிர் எதிரி மருந்து (அன்ரிபயோட்டிக்). செலவு மிகக் குறைவு, தூரமும் குறைவு. கிடைக்காதது இரத்தத்தை அங்கேயே பார்க்கும் வசதி. அதற்கு ஒரு வழி இருக்கிறது. டொக்டர் இரத்தம் எடுத்துத் தந்தால், நகரத்தில் மனிதருக்குப் பார்க்கும் லாப்பிலேயே, சிறுநீரகம் எவ்வளவு வேலை செய்கிறது என்று காட்டும் கிரியேட்டினின் பார்க்கலாம், மறுக்காத லாப்பாகப் பார்த்துக் கேட்க வேண்டும். ஆனால் தாளில் 'சாதாரண அளவு' என்று அச்சடித்திருப்பது மனிதருக்குரியது. மனிதருக்கு 1.3 (mg/dL அளவில்) என்றாலே சிவப்பில் அடித்துத் தருவார்கள். பூனைக்கு 1.6க்குக் கீழே பொதுவாகக் கவலையில்லை, 1.6 முதல் 2.8 வரை இரண்டாம் கட்டம், 5 வரை மூன்றாம் கட்டம், 5ஐத் தாண்டினால் நான்காம் கட்டம். தாளைப் பார்த்து வீட்டில் அழத் தொடங்க முன் டொக்டரிடம் காட்டுங்கள். இன்னொன்று: சிறுநீரகத்தின் வேலைத்திறனில் பெரும்பகுதி போன பிறகுதான் இந்த எண் ஏறத் தொடங்கும். அதனால் எண் கொஞ்சம் ஏறியிருந்தாலே பழுது பழையது என்று அர்த்தம்.

அடுத்தது யாழ்ப்பாணம். கிளிநொச்சிப் பக்கத்து ஆட்களுக்கு இதுதான் நடுவழி. பூனை, நாய்க்கென்றே பார்க்கும் தனியார் டொக்டர்மார் அங்கே இருக்கிறார்கள், தூரம் ஏறத்தாழ 65 கிலோமீற்றர், காலையில் போய் மதியம் திரும்பலாம். புதுக்குடியிருப்பு, முல்லைத்தீவுப் பக்கம் என்றால் பரந்தனுக்கு வந்துதான் ஏற வேண்டும், அப்போது பாதி நாள் வீதியிலேயே போய்விடும். வவுனியாக்காரருக்கு யாழ்ப்பாணத்தைவிட அனுராதபுரம் கிட்ட. ஆனால் சிங்களம் தெரியாதவர்கள் பூனையின் கதையை யாரையாவது கொண்டு ஒரு தாளில் எழுதுவித்துக்கொண்டு போவது நல்லது. எப்போதிருந்து மெலிவு, எத்தனை தடவை வாந்தி, என்ன சாப்பிடுகிறது என்பதைக் கை காட்டிச் சொல்ல முடியாது.

பேராதனைப் பல்கலைக்கழகத்தின் மிருக வைத்திய போதனா வைத்தியசாலைதான் எல்லாரும் கடைசியில் சொல்லும் பெயர். ஸ்கான், எக்ஸ்றே, அனுபவமுள்ள விரிவுரையாளர்கள், கூடவே நோயைக் கேட்டுக் கேட்டு எழுதும் மாணவர்கள். நோய் குழப்பமாக இருந்தால், வயிற்றில் கட்டி என்று சந்தேகம் வந்தால், பல் பிடுங்கவோ வேறு சத்திரசிகிச்சைக்கோ மயக்க வேண்டியிருந்தால், போக வேண்டிய இடம் அதுதான். ஆனால் ஏ9 வீதி கண்டியிலிருந்து யாழ்ப்பாணம் வரை 321 கிலோமீற்றர். அதில் பெரும்பகுதியைக் கிளிநொச்சி ஆள் ஓட வேண்டும். வானுக்குக் கொடுக்கும் காசு வைத்தியத்துக்குக் கொடுப்பதைவிடக் கூடிவிடும். அதையும் பொறுக்கலாம். பூனைக்கு என்ன ஆகிறது என்பதுதான் எனக்குப் பெரிய கணக்கு. ஏற்கனவே உடம்பில் தண்ணீர் வற்றிய கிழட்டுப் பூனை, பயத்தில் ஒன்றும் குடிக்காமல், மே மாத வெயிலில் ஒரு பிளாஸ்ரிக் கூடைக்குள் மணிக்கணக்கில் இருந்தால், போனபோது இருந்த நிலையைவிட மோசமாகத் திரும்பும். பூனை வாயைத் திறந்து நாய் போல மூச்சு வாங்கத் தொடங்கினால் அது வெறும் பயம் என்று எடுக்கக் கூடாது, அபாயம். போவதென்றால் விடியப்புறம் வெளிக்கிட்டு, கூடைக்கு மேல் ஈரத் துணியைப் பாதிக்கு மட்டும் போட்டு, மாங்குளம், வவுனியா, தம்புள்ளை என்று நிறுத்தி நிறுத்தி நாக்கில் தண்ணீர் காட்டிக்கொண்டு போக வேண்டும். 'மாதம் ஒருக்கா வாங்கோ' என்று சொன்னால் தயங்காமல் கேளுங்கள்: அடுத்த பரிசோதனையை எங்கள் ஊர் டொக்டரிடம் செய்து முடிவை ஃபோனில் அனுப்பலாமா என்று. கேட்டால் பலர் சம்மதிப்பார்கள்.

போகும்போது மறக்காமல் கேட்க வேண்டியது இரத்த அழுத்தம். சிறுநீரகம் பழுதான பூனைகளில் பலவற்றுக்கு அழுத்தம் ஏறும். ஒரு நாள் காலையில் கருவிழி அகல விரிந்தபடி சுவரில் முட்டிக்கொண்டு திரியும், பார்வை போய்விட்டிருக்கும். மனிதருக்குக் கொடுக்கும் அம்லோடிபின் மாத்திரையைத்தான் சிறு துண்டாக்கிப் பூனைக்கும் கொடுப்பார்கள். எவ்வளவு துண்டு என்பதை டொக்டர்தான் சொல்ல வேண்டும்.

இனி வீட்டுச் சேலைன். மிருக டொக்டர் காட்டித் தந்தால் வீட்டில் செய்யக்கூடிய வேலை இது, மனிதருக்கு நாளத்தில் ஏற்றுவது போல இல்லை, தோலுக்குக் கீழே விடுவது. எங்கள் வீட்டில் பின்னேரம், கோழி அடைந்த பிறகு செய்வோம். பையை இளஞ்சூட்டுத் தண்ணீரில் கொஞ்ச நேரம் வைத்து புறங்கையால் தொட்டுப் பார்ப்பது. ஜன்னல் கம்பியில் உயரமாகக் கொழுவுவது. பூனையை மடியில் துவாயில் இருத்தி, இரண்டு தோள்பட்டைக்கும் நடுவில் தோலைக் கிள்ளித் தூக்கினால் கூடாரம் போல நிற்கும். அந்தக் கூடாரத்தின் அடியில் ஊசி போக வேண்டும். போன சத்தம் கேட்காது, விரலுக்குத்தான் தெரியும். வால்வைத் திறந்ததும் குமிழி ஏறும், பூனை காதைப் பின்னுக்கு மடிக்கும், ஒருவர் மீன் தண்ணீரை நக்கக் கொடுத்தால் பெரும்பாலும் அத்தோடு சரி. பையிலுள்ள கோட்டைப் பார்த்து நிறுத்த வேண்டும். பொதுவாக ஒரு பூனைக்கு 75 முதல் 150 மில்லிலீற்றர், தினமுமோ ஒன்றுவிட்ட ஒரு நாளோ கிழமையில் இரண்டு தடவையோ, பூனையைப் பொறுத்து. முடிந்ததும் தோளில் ஒரு தொங்கல் பை முளைத்தது போல இருக்கும், இரவோடு அது முன்னங்காலுக்கு இறங்கி, விடிய இல்லாமல் போய்விடும். முதல் தடவை பார்ப்பவர் பயந்துவிடுவார்.

ஒவ்வொரு தடவையும் புது ஊசி. ஹாட்மன், ரிங்கர் லக்ரேட் போன்ற சேலைன் மட்டும். குளுக்கோஸ் சேலைனைத் தோலுக்குக் கீழே விடக் கூடாது. இதயக் கோளாறு உள்ள பூனைக்கு இது ஆபத்து, தண்ணீர் நெஞ்சில் தேங்கிவிடும். பூனை தூங்கும்போது நெஞ்சு எழும்புவதை எண்ணுங்கள். நிமிடத்துக்கு 30ஐத் தாண்டினால் சேலைனை நிறுத்தி டொக்டரைக் கூப்பிட வேண்டும். இது டயலிசிஸ் இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். வவுனியாப் பக்கம் சிறுநீரக நோயை வீட்டுக்கு வீடு அறிந்த சனம், அதனால் 'இரத்தம் சுத்தப்படுத்துவது' என்று உடனே நினைத்துவிடுகிறார்கள். இந்த சேலைன் பூனை இழக்கும் தண்ணீரைத் திருப்பிக் கொடுக்கிறது, அவ்வளவுதான். ஆனால் அந்த 'அவ்வளவு' போதும், மறுநாள் பூனை எழும்பி வந்து காலைச் சுற்றும். இதே பேச்சில் ஆர்.ஓ. இயந்திரத்தில் வடிகட்டிய தண்ணீர் கொடுக்க வேண்டுமா என்றும் கேட்பார்கள். பூனையின் சிறுநீரகம் வயதோடு பழுதாவது உலகம் முழுக்க இருக்கும் விஷயம், குழாய்த் தண்ணீர் குடிக்கும் கொழும்புப் பூனைக்கும் வருகிறது. எந்தத் தண்ணீரை விரும்பிக் குடிக்கிறதோ அதை வையுங்கள், இரண்டு மூன்று இடத்தில், அகலக் கோப்பையில். கச்சான் காற்றடிக்கும் மாதங்களில் கூடுதலாக.

வீட்டுச் சேலைனையும் மாதாந்தப் பயணத்தையும் பக்கத்தில் வைத்தால் எனக்கு வீடுதான். ஆனால் எல்லாப் பூனைக்கும் அல்ல. ஊசியைக் கண்டதும் வீட்டின் பின்பக்கம் ஓடி இரண்டு நாள் வராத பூனையும் இருக்கிறது. அதை ஒவ்வொரு பின்னேரமும் துரத்திப் பிடிப்பது வைத்தியமாகாது. அப்படியானால் சாப்பாட்டில் தண்ணீரைக் கூட்டுவதோடு நிற்கலாம்.

சாப்பாட்டில் ஒரே தெரிவுதான் எல்லாரும் சொல்வது: சிறுநீரகப் பூனைக்கென்று விற்கும் பொஸ்பரஸ் குறைந்த தீனி. அது ஆயுளைக் கூட்டுகிறது என்பதில் சந்தேகமில்லை. ஆனால் கொழும்பிலிருந்து எடுப்பிக்க வேண்டும், விலை கூட, போதாதற்கு எங்கள் பூனைகள் சோறும் மீனும் தின்று வளர்ந்தவை, உருண்டைத் தீனியைக் காலால் தட்டி விளையாடிவிட்டுப் போய்விடும். கிடைத்தால் பழைய சாப்பாட்டோடு கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து, கிழமைக்கணக்கில் மாற்றிப் பாருங்கள். கிடைக்காவிட்டால் செய்யக்கூடியது: கருவாட்டையும் முள்ளோடு நெத்தலியையும் நிறுத்துவது, ஏனென்றால் முள்ளில்தான் பொஸ்பரஸ், கருவாட்டில் உப்பு. குளத்துத் திலாப்பியாவையோ வேறு பச்சை மீனையோ உப்பில்லாமல் அவித்து, முள் எடுத்து, அவித்த தண்ணீரோடேயே சோற்றில் பிசைந்து கொடுப்பது. முட்டையில் வெள்ளைக்கருவைக் கொடுக்கலாம், மஞ்சள் வேண்டாம். குழம்பில் தோய்த்த சோறு கூடாது. வெங்காயமும் உள்ளியும் பூனையின் இரத்தத்தை உடைக்கும். இத்தனையும் சொன்ன பிறகு இதையும் சொல்ல வேண்டும்: நல்ல சாப்பாட்டைத்தான் தருவேன் என்று பட்டினி போடாதீர்கள். பூனை இரண்டு மூன்று நாள் சாப்பிடாமல் இருந்தால் ஈரலில் கொழுப்பு படிந்து அதுவே கொன்றுவிடும். கருவாடு மட்டும்தான் தின்பேன் என்றால் அன்றைக்குக் கருவாடுதான்.

மூட்டு நோவுக்கு ஒரு வரி: மதிலில் பாய்வதை நிறுத்திய கிழட்டுப் பூனைக்கு நோவு இருக்கிறது, ஆனால் பனடோல் ஒரு துண்டும் கொடுக்கக் கூடாது. அரைக் குளிசை போதும் கொல்வதற்கு. பூனையின் ஈரலால் அதை உடைக்க முடியாது, இரத்தம் ஒட்சிசனைக் காவ முடியாமல் போய், முகம் வீங்கி, முரசு கபில நிறமாகிச் சாகும். மனிதரின் மற்ற நோவு மருந்துகளும் சிறுநீரகப் பூனைக்கு நஞ்சு. படுக்கும் கதிரைக்குப் பக்கத்தில் ஒரு பலகையை ஏறுபடியாக வையுங்கள். நாய்க்கு உண்ணிக்குப் போடும் மருந்தைப் பூனைக்குத் தடவுவதும் இதே வகைதான். பெர்மெத்ரின் உள்ள மருந்து பூனைக்கு வலிப்பைக் கொண்டுவரும்.

ஊரில் இன்னொரு 'தெரிவும்' இருக்கிறது. சாக்கில் போட்டுக்கொண்டுபோய்ச் சந்தையடியிலோ கோயிலடியிலோ விட்டுவிட்டு வருவது. பூனைப் பாவம் பொல்லாதது என்று கருணைக்கொலை ஊசிக்குச் சம்மதிக்காத அதே ஆட்கள்தான் இதைச் செய்கிறார்கள். கண் தெரியாத, தண்ணீர் தேடி அலையும் பூனை நாய்களுக்கு நடுவில் எத்தனை நாள் இருக்கும்? இதை நான் ஒப்பீட்டில் சேர்க்கவே இல்லை.

கடைசித் தெரிவு ஊசி. 'தானாகப் போகட்டும்' என்பதற்கும் இதற்கும் இடையில் தான் வீடுகளில் சண்டை வருகிறது. தானாகப் போவது என்றால் ஒரு நாள் தூக்கத்தில் போவது என்று எல்லாரும் நினைக்கிறார்கள். சில பூனைகளுக்கு அப்படி நடக்கும். சிறுநீரகம் முற்றாக நின்ற பூனைக்கு வாய்க்குள் புண், ஓயாத குமட்டல், உடம்பு சில்லிட்டுப் போதல், சிலவற்றுக்கு வலிப்பு என்று நாட்கணக்கில் இழுக்கும். ஊசி என்றால் முதலில் மயக்கம், பிறகு அளவு கூட்டிய மயக்க மருந்து, சில நிமிடம். எங்கள் வீட்டில் அம்மா ஒத்துக்கொள்ளவில்லை, நான் ஒத்துக்கொள்கிறேன். நேரம் வரும்போது அவருக்கு மூன்று விஷயம் காட்டப் போகிறேன்: சாப்பிடுகிறதா, தானாக எழும்பி மண்ணுக்குப் போகிறதா, உடம்பை நக்கித் துப்புரவாக்குகிறதா. மூன்றும் நின்று சேலைனுக்கும் அசையவில்லை என்றால் இழுத்துக்கொண்டிருப்பது பூனைக்காக இல்லை. பாவத்தைப் பற்றி அவரோடு வாதாடப் போவதில்லை, அது அவருடைய நம்பிக்கை.

இதில் தூரத்து வைத்தியசாலை உதவாது. சாகப்போகும் பூனையை வானில் ஏற்றக் கூடாது, டொக்டர்தான் வீட்டுக்கு வர வேண்டும். வெள்ளிக்கிழமை பின்னேரம் மோசமாகும் பூனைக்குத் திங்கட்கிழமை வரை ஆள் கிடைக்காமல் போவது எங்கள் பக்கத்தில் சாதாரணம். அதனால் பூனை நன்றாகச் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே கேட்டு வையுங்கள்: வீட்டுக்கு வருவீர்களா, அந்த மருந்து கையில் இருக்குமா, சனி, ஞாயிறு என்றால் யாரைக் கூப்பிடுவது. எங்கள் டொக்டர் முதல் இரண்டுக்கும் ஓம் என்றார். மூன்றாவதுக்கு வவுனியாவில் இருக்கும் இன்னொரு டொக்டரின் எண்ணைத் தந்தார். அது நிறைக் கணக்கு எழுதும் கலண்டரிலேயே இருக்கிறது.